மகன் முன்னால் சொல்லாத பாதி

1

இளைத்துப் போய்விட்டேனாம். சென்ற வாரம் ஊர்க்காரர்களின் செல்போன் குழுவில் என் போட்டோ ஒன்றைப் போட்டேன். அன்றிலிருந்து என் பிறந்த ஊர் சோரியாங்குப்பத்தில் பாதிப் பேருக்குத் தூக்கமில்லை. "பிரான்சுல இன்னா கஷ்டமோ, கலை முகமே ஒட்டிப் போச்சே" என்று அம்மாவிடம் போய்த் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். அம்மா உடனே போன் போட்டு, சோறு சாப்பிடுகிறாயா இல்லையா என்று என்னை ஒரு பிடி பிடித்தாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு சித்திரையில் நான் ஊருக்கு வந்தபோது என்னைப் பார்த்தவர்களும் இதே ஜனங்கள்தான். அப்போது என் முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினேன். அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா பூசினாப்புல ஆயிட்ட, பிரான்சு தண்ணி ஒத்துக்கிச்சு" என்று மெச்சினார்கள். எதிர்வீட்டு அத்தை உப்பும் மிளகாயும் கொண்டுவந்து எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நோயோடு வந்தவளுக்குப் பாராட்டு, நோய் தெளிந்தவளுக்குப் பரிதாபம்! இதை இப்படியே விட எனக்கு மனசில்லை. நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் கூச்சப்பட வேண்டாம். நான் கூச்சப்பட்டு அனுபவித்ததே நம் எல்லோருக்கும் போதும்.

2

என்னை அறியாதவர்களுக்காக: பெயர் கலைவாணி. நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் பிறந்தவள். வில்லியனூரில் ஒரு சொல்தா வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் வீட்டுக்கு அந்தப் பெயர். என் வீட்டுக்காரர் செல்வத்துக்குப் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. மகன் அருணுக்கும் அப்படியே. எனக்கு மட்டும் தங்குவதற்கான அட்டை. அதைப் புதுப்பிக்க இணையத்தில் நேரம் வாங்குவதற்குள் மனுஷி பாதியாகிவிடுவாள். காலையில் கண்விழித்ததும் எல்லோரும் சாமி படத்தைப் பார்ப்பார்கள். நான் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்து, காலியிடம் இல்லை என்ற வரியைத் தரிசித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

பாரிசுக்கு வெளியே குடியிருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு வேலை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சூடு தொடாதே, வரிசையில் நில், ரொட்டியைக் கீழே போடாதே, இதையெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பயப்படுகிற மாதிரியே சொல்வேன். ஆனால் கடிதம், வங்கி, டாக்டர் என்று வந்துவிட்டால் எனக்கு வாய் அருண்தான். பத்து வயதிலிருந்து அவன்தான் எனக்காகப் பேசுகிறான்.

நான் சொல்கிற காலத்தில் அவனுக்குப் பதினாறு. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வான். சாப்பாட்டு மேசையில் தட்டைக் காலி செய்துவிட்டுக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். என் பக்கத்தில் அவன் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காருவது டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் மட்டும்தான். உண்மையைச் சொன்னால் அந்த அரை மணி எனக்குப் பிடித்திருந்தது.

3

எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு குளிர்காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாகக் குளிர்ந்தது. ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொன்று போட்டேன். குளிர்கிற ஊரில் குளிர்கிறது என்று சொன்னால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? பிறகு அடித்துப் போட்ட மாதிரி அசதி. இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. ஒருநாள் வேலைக்குப் போகும்போது ரயிலில் கண்ணயர்ந்து கடைசி நிலையத்தில் இறங்கினேன். இன்னொரு நாள் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வீடு முழுக்கப் புகை. அருண் வந்து அடுப்பை அணைத்தான். செல்வம் அன்றைக்குப் பயந்தவர்தான், அதற்கப்புறம் என்னை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகவே யோசிப்பார்.

முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. குரல் கட்டியது. சாப்பாடு குறைந்தது, எடை கூடியது. சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் பார்க்கிற பிள்ளைகளின் பெயரே வாயில் வராமல் நின்றேன். காரணமில்லாமல் அழுகை வந்தது.

டாக்டரிடம் போனோம். வயதானவர், பொறுமைசாலி. அவர் கேள்வி கேட்கும்போது அருணைப் பார்ப்பார், பதிலையும் அருணிடமிருந்தே வாங்குவார். நான் நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அசதி என்றேன், சொன்னான். குளிர் என்றேன், சொன்னான். அழுகை வருகிறது என்றேன். அவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அதையும் சொன்னான். "ஊரை ரொம்ப நினைச்சுக்கிறாங்க" என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தான். அந்த அளவு பிரெஞ்சு எனக்கும் புரியும்.

சொல்லாமல் விட்டது ஒரு பாதி இருந்தது. மாதவிலக்கு வந்தால் நிற்காமல் பத்து நாள் போகும். படுக்கையில் துண்டு விரித்துத்தான் படுப்பேன். மலம் கழிப்பதோ நாலைந்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் பிரசவ வேதனை. இதை மீசை முளைக்கிற மகனிடம் தமிழில் சொல்லி, அவன் அதைப் பிரெஞ்சில் ஒரு அந்நிய ஆணிடம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் எந்தத் தாய் அதைச் செய்வாள்? டாக்டர், "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அருண் அதைத் தமிழில் கேட்டான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

ஊரைவிட்டு வந்த பெண், நாற்பதைத் தாண்டியவள், குளிர்காலம், அழுகை. கிடைத்த பாதியை வைத்து அந்த டாக்டர் மனச்சோர்வு என்று முடிவு கட்டினார். அதற்கு மாத்திரை எழுதினார். சில மாதங்கள் விழுங்கினேன். மனசு கொஞ்சம் மரத்தது, உடம்பு அப்படியே இருந்தது.

4

பள்ளிக்கூட வசந்த விடுமுறையில் மூன்று பேரும் ஊருக்கு வந்தோம். வந்த மறுநாள், அம்மாவையும் என் அக்கா விஜயாவையும் உட்காரவைத்துச் செல்வம் பேச்சை எடுத்தார். "இவ ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டும். அங்க இவளுக்கு மனசு ஒட்டல. நான் வேலைக்குப் போவனா, இவளப் பாத்துக்குவனா?" என்றார். திரும்பிப் போக இரண்டு பேருக்குத்தான் டிக்கெட் போட்டிருந்தார்.

டிக்கெட் போடுவதெல்லாம் அப்பாவும் பிள்ளையும்தான். ஆக, அருணுக்கும் முன்பே தெரியும். நான் அவனைப் பார்த்தேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்தில் வேலை போய்விடும், அட்டை போய்விடும். அதையெல்லாம்விட, இவன் அடுத்த வருஷம் பள்ளியை முடித்துவிட்டு எங்கேயாவது கல்லூரிக்குப் போய்விடுவான். வீட்டில் அவன் இருக்கிற கடைசி வருஷத்தில் நான் இல்லாமல் போவேன். மாட்டேன் என்று அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்துவதற்குக்கூடத் தெம்பில்லை. நான் வாயைத் திறந்து முதல் வார்த்தையைத் தேடுவதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். "வெள்ளக்காரி மாரி நிறுத்தி நிறுத்திப் பேசறா பாரு" என்று அம்மாவுக்கு அதிலும் பெருமை.

சித்திரை வெயிலில் நான் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். போர்த்திக்கொள்ள ஏதாவது கேட்டேன். "பிரான்சு குளிரு ஒடம்புல ஏறிக்கிச்சு, எறங்க நாளாவும்" என்று அம்மா விளக்கம் சொன்னாள். எல்லோருக்கும் அது சரியாகப்பட்டது. எனக்கும்தான்.

அந்த வாரம் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதி. சாயங்காலம் எரிந்து முடிந்த கட்டைகளைக் கழியால் தட்டிக் குண்டத்தில் கங்குகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அனல் தாங்காமல் கூட்டம் பின்னால் நகர்ந்தது. நான் முன்னால் போனேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உடம்புக்கு இதமாக இருந்தது. இன்னும் ஓரடி வைத்தேன். விஜயா அக்கா ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"சாமி கீமி வந்துச்சாடி உனுக்கு? எங்க போற?"

இல்லை என்றேன். அவள் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையும் துடைக்க வந்தாள். துடைத்த கை அப்படியே நின்றது.

"ஒரு சொட்டு வேர்வ இல்லியேடி!" என்றாள். "நாங்கல்லாம் தொப்பையா நனஞ்சி நிக்கறோம், நீ இன்னா மழையில நனஞ்ச செவுரு மாரி சில்லுன்னு இருக்க?"

மறுநாள் காலையில் என்னை எங்கள் கொல்லை மோட்டார் கொட்டகைக்குக் குளிக்க இழுத்துப் போனாள். அக்கா கரையாம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், எனக்கு மூன்று வயது மூத்தவள். சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. முதுகு தேய்க்கும்போது, "தோலு இன்னாடி சொரசொரன்னு இருக்கு?" என்று ஆரம்பித்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"தீட்டு சரியா வர்தா?"

"வருது. வந்தா நிக்கறதில்ல."

"வெளிக்குப் போறது?"

சொன்னேன். முடியைச் சொன்னேன். விடிகாலையில் கை மரத்துப்போவதைச் சொன்னேன். பாதத்தில் நரம்பு இழுப்பதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போதுதான் இத்தனை இருக்கிறதா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அதுவரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"இத்தெல்லாம் அந்த டாக்டர்கிட்ட சொன்னியா?"

"எப்டிக்கா சொல்றது? அருண்தான கேட்டுச் சொல்றவன்."

அக்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். "நல்லா இருக்குடி நாயம்! பையன் பக்கத்துல இருந்தான்னு நோவ மூடி வச்சியா? அப்போ அந்த டாக்டரு இன்னாத்தக் கண்டாரு? நீ பாதிய சொன்ன, அவுரு பாதிக்கு மாத்திர குடுத்தாரு. அதுக்கு உன்ன மெண்டலுன்னு சொல்லி இங்க உட்டுட்டுப் போறாங்களா?"

எனக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு கோபம் வந்தது. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு, "ஸ்கூட்டிய எடுக்கா, பாகூருக்குப் போலாம்" என்றேன்.

5

பாகூரில் ஒரு பெண் டாக்டர். கூட்டம் அதிகம். உள்ளே நானும் அக்காவும் மட்டும்தான். கொட்டகையில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. நாடி பார்த்தார், மெதுவாக அடிக்கிறது என்றார். கணுக்காலின் பின்னால் சின்னச் சுத்தியால் தட்டினார். பாதம் சோம்பேறித்தனமாக அசைந்து திரும்பியது. புருவத்தின் வெளிப்பக்கம் முடி உதிர்ந்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார். நான் அதை அழகு நிலையத்துக்காரி கைவரிசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, "உங்க பழைய போட்டோ இருக்கா?" என்று கேட்டார். செல்போனில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தை எடுத்துக் காட்டினேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது சதை இல்லம்மா, வீக்கம். தைராய்டு சரியா சுரக்கலன்னு தோணுது. ரத்தம் குடுத்துட்டுப் போங்க, தெரிஞ்சிடும்."

"கழுத்துல கட்டி இல்லியே டாக்டர்?" என்று கேட்டேன். தைராய்டு என்றால் கழுத்தில் எலுமிச்சம்பழம் போலத் தெரிய வேண்டும் என்பதுதான் நான் அறிந்த மருத்துவம்.

"எல்லாருக்கும் கட்டி வராது," என்றார். "அழுகை, மறதி இதெல்லாம்கூட இதனால வரலாம். அதுக்காக அங்க குடுத்த மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க."

ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச். என்ற அந்த எண் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. சுரப்பி வேலை செய்யாததால் மூளை அதை ஓயாமல் விரட்டிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் இந்த எண் காட்டுகிறது என்று டாக்டர் விளக்கினார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, காப்பி குடிக்க அதற்கப்புறம் அரை மணியாவது போகவேண்டும், சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும், அநேகமாக ஆயுளுக்கும் சாப்பிட வேண்டியிருக்கும் என்றார். ஆயுளுக்கும் என்று கேட்டபோது எனக்குத் துக்கமே வரவில்லை. என் நோய்க்கு ஒரு பெயர் இருந்ததே போதும்.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைச் செல்வத்திடம் கொடுத்தேன். படித்தார். கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷர், பயந்த மனுஷர். "சரி, நல்லதாப் போச்சு. மாத்திர சாப்ட்டு இங்கயே தேறு. அடுத்த வருஷம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"எனக்கும் டிக்கெட் போடுங்க" என்றேன்.

"கலை, அங்க வந்து மறுபடியும்..."

"மறுபடியும் இன்னா? இந்த மாத்திரை அங்க விக்கலியா? மனசு சரியில்லன்னு என்னை இங்க விட முடிவு பண்ணீங்க. என் மனசு நல்லாத்தான் இருக்கு. தொண்டையில ஒரு சுரப்பி தூங்கிடுச்சு, அவ்ளோதான். அதுக்காக என் வேலை, என் அட்டை, என் பையன் எதையும் விடமாட்டேன்." ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடித்தான் எடுத்தேன். நிறுத்தி நிறுத்தித்தான் பேசினேன். ஆனால் முழுசாகப் பேசி முடிக்கும்வரை யாரையும் குறுக்கே பேச விடவில்லை.

அருண் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அம்மா, உனக்கு இங்கதான் சந்தோஷம்னு நினைச்சேன்" என்று பிரெஞ்சில் சொன்னான். பிள்ளை மேல் இருந்த வருத்தம் அந்த நிமிஷமே போய்விட்டது. இத்தனை மாதம் நான் சோர்ந்து உட்கார்ந்ததையெல்லாம் இவன் ஊர் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். நான் வேறு என்ன சொல்லியிருந்தேன் அவனுக்கு?

அன்றைக்கே மூன்றாவது டிக்கெட் போடப்பட்டது. போட்டவன் அருண்.

ஊரில் இருக்கிற அக்கா தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஊதியவளைக் கண்டால் உடனே வாழ்வு வந்துவிட்டது என்று மெச்சாதீர்கள். நாற்று நடும்போது நடுவில் உட்கார்ந்துவிடுகிற மருமகளை உடனே சோம்பேறி என்று ஏசாதீர்கள். பேச்சு மந்தமாகி, குரல் தடித்து, முடி உதிர்ந்து, தோல் வறண்டு, எல்லோரும் வியர்த்து வழியும்போது ஒருத்தி போர்வை தேடினால், அவளைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லா அசதியும் தைராய்டு அல்ல. அதை ரத்தம் சொல்லட்டும், பக்கத்து வீடு சொல்ல வேண்டாம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று: பிள்ளையை வாயாக வைத்துக்கொண்டு டாக்டரிடம் போகாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் ஒரு பெண்ணைத் துணைக்கு அழையுங்கள், அல்லது போனில் மொழிபெயர்ப்பவர் கிடைப்பாரா என்று கேளுங்கள்.

6

திரும்பி வந்ததும் அதே டாக்டரிடம் நேரம் வாங்கினேன். இங்கே அவர்தான் மருந்தைத் தொடர்ந்து எழுதித்தர வேண்டும், மனச்சோர்வு மாத்திரையையும் அவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அருண் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றான். வேண்டாம், நான் தனியாகப் போகிறேன் என்றேன். "ஏன், நான் தப்பாச் சொன்னேனா?" என்று முகம் சுண்டிப்போனான்.

"நீ ஒண்ணும் தப்பாச் சொல்லலடா. நான்தான் உங்கிட்ட சொல்லல" என்றேன். என்ன சொல்லவில்லை என்று அவனை உட்காரவைத்துச் சொன்னேன். மாதவிலக்கையும் சொன்னேன், மலச்சிக்கலையும் சொன்னேன். அவனுக்குக் காதுவரை சிவந்தது. எனக்கும்தான். இருவருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. கடைசியில் அந்த இரண்டு சங்கதிக்கும் பிரெஞ்சில் என்ன வார்த்தை என்று அவனே சொல்லிக்கொடுத்தான். பேருந்தில் போகும்போது அவற்றை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே போனேன்.

உள்ளே கூப்பிட்டதும் டாக்டர் வழக்கம்போல என் பின்னால் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் கதவைச் சாத்தினார். பாகூர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தேன். இலக்கணம் எப்படியோ போகட்டும் என்று சாப்பாட்டுக் கூடத்துக் குரலில் ஆரம்பித்தேன். குளிர். அசதி. இரத்தப்போக்கு, பத்து நாள், துண்டு நனையும். மலம், ஐந்து நாளைக்கு ஒருமுறை. முடி. குரல். மறதி. வினைச்சொல்லே இல்லாத பிரெஞ்சு. அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், நேராக என்னைப் பார்த்தார்.

"மேடம், இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை?"

"முன்பு வந்தது என் மகன், டாக்டர்," என்றேன். "இன்றைக்கு வந்திருப்பது நான்."